காலையில் மட்டும் எழுந்திருக்காத கார்

போன வாரம் ஓர் இளம் என்ஜினியர் எனக்குப் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். "மேடம், ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகல" என்றார். அவர் மேற்கொண்டு சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். அவர் சொல்ல வந்ததே அவ்வளவுதான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"செல்ஃப் சுத்துதா, சுத்தலையா?"

"கஸ்டமர் ஸ்டார்ட் ஆகலைன்னுதான் சொன்னார் மேடம்."

"எப்ப ஆகல? விடியக்காலையிலயா, வெயில்லயா? நின்ன வண்டியா, ஓடிட்டு வந்து நின்ன வண்டியா?"

"அதெல்லாம் கேக்கல மேடம். கம்ப்யூட்டரை மாட்டிப் பாத்தேன். ஃபால்ட் ஒண்ணுமில்லன்னு வருது. இங்க கொண்டுவந்தா நல்லா ஸ்டார்ட் ஆகுது. அதான் ஒண்ணும் புரியல."

எனக்கு வந்த எரிச்சலில் ஐந்து நிமிடம் விடாமல் பேசினேன். பாவம், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "இதையே எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்றவங்களுக்கு ஆகும்" என்றார். எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதினால் நல்ல வார்த்தையாகப் போட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒரு நோய் உலகத்தில் கிடையாது. சாவியைத் திருகினால் சத்தமே வராதது ஒன்று. 'டக்' என்று மட்டும் சத்தம் வருவது ஒன்று. செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காதது ஒன்று. பிடித்து, இருமி, அணைவது வேறொன்று. முதல் இரண்டுக்கும் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். மற்ற இரண்டுக்கும் பிளக்கில் தீ, அதாவது மின்பொறி, வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பிரித்துக் கேட்காமல் ஒரு ஒர்க்‌ஷாப்பே ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரே காரோடு மாரடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. அப்பா மதுரை காளவாசலில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். லேத்தில் சடையை மாட்டிக்கொள்ளாதே என்று தினமும் சொன்னார்கள். நான் மாட்டிக்கொள்ளவில்லை. முதல் வகுப்பில் தேறினேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் வரவில்லை.

மதுரையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி சூப்பர்வைசராக எடுத்துக்கொண்டார்கள். தை மாதம் வரை பயிற்சி. பிறகு எங்கே போடுவது என்று மேனேஜர் முடிவு செய்வார். போட இரண்டு இடம் இருந்தது. ஒன்று கீழே, வண்டிகள் நிற்கும் தளம். இன்னொன்று மாடியில், ஃபேனுக்கு அடியில், பில் எழுதும் கவுண்டர். நான் கீழே நிற்க வந்தவள். மேனேஜர் என்னைப் பார்த்த முதல் நாளே கவுண்டருக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை முழுக்கைச் சட்டையில் நாள் முழுவதும் எண்ணெய்க்கு நடுவே நடப்பார். சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படாது. கார்க் கதவைத் திறக்க வேண்டுமானால் கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கைக்குட்டையை வைப்பார். யாரையும் திட்ட மாட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை, "அப்புறம்?" என்பது.

"சார், இக்னிஷன் காயில் சூடாகுது."

"அப்புறம்?"

"வேற காயில் போட்டுப் பாக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் ஸ்டார்ட் ஆகும் சார்."

"அப்புறம்?"

இப்படியே போனால் எதிரே நிற்பவர், தான் சொன்னது முட்டாள்தனம் என்று தானாகவே நம்பத் தொடங்கிவிடுவார். நான் நம்பியதில்லை. ஆனால் பதில் தீர்ந்துவிடும். தீர்ந்தவுடன், "சரிம்மா, கவுண்டர்ல ஒரு எட்டு பாத்துட்டு வா. பொம்பளப் பிள்ள உக்காந்திருந்தா கஸ்டமர் சத்தம் போட மாட்டான்" என்பார். பில் எழுத எதற்கு டிப்ளமா என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொண்டு படி ஏறுவேன்.

கீழே தலைமை மெக்கானிக் கருப்பையா அண்ணன். கை சுத்தமான வேலைக்காரர். நான் வந்த அன்றே எனக்கு 'டிப்ளமா' என்று பெயர் வைத்துவிட்டார். "டிப்ளமா, அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்பார். என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்தக் கார் சாயக்கடை முதலாளியுடையது. நெசவாளர்களுக்கு நூல் சாயம் விற்கும் பெரிய கடை. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். கார் கறுப்பு நிறம். என்னைவிட அதற்கு வயது அதிகம். டவுனுக்குள் அவர்கள் பழைய வீட்டுச் சந்தில் நின்றவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. அந்த வருடம் ஆவணியில் அவர்கள் ஆனையூரில் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். அன்றைக்கு ஆனையூர் என்றால் வயலும் கிணறும் கண்மாயும்தான். ஐப்பசி மழை தொடங்கியதும் கார் மக்கர் செய்யத் தொடங்கியது.

முதல் முறை அதை ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆனையூரிலிருந்து மாடு நடந்து வந்து சேர முற்பகல் ஆகிவிட்டது. நல்ல வெயில். டிரைவர் சோலைமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவமானத்தோடு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதியும் சந்தனமும் பூசிய ஆள். கருப்பையா அண்ணன் உள்ளே உட்கார்ந்து செல்ஃபை இழுத்தார். ஒரே இழுப்பு. என்ஜின் பூப்போலப் பிடித்துக்கொண்டது.

"சோலை, ஓட்டத் தெரியலைன்னா சொல்லு மாப்ள. நான் வந்து ஓட்டுறேன்."

"அண்ணே, சத்தியமா காலையில எந்திரிக்கலண்ணே."

"யாரு, நீயா வண்டியா?"

தளமே சிரித்தது. சோலைமலை சிரிக்கவில்லை. நான் மட்டும், "செல்ஃப் சுத்துச்சாண்ணே?" என்று கேட்டேன். "எல்லாம் சுத்துச்சு தாயி. பிடிக்க மாட்டேன்னுருச்சு" என்றார். அதை ஜாப் கார்டில் எழுதுங்கள் என்றேன். ஓடுகிற வண்டிக்கு என்னத்தை எழுதுவது என்று பேட்டரித் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த முறை பிளக் மாற்றினார்கள். அதற்கடுத்து பாயிண்ட், கண்டென்சர். பிறகு காயில். பிறகு பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். நன்றாக ஓடுகிற காரில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிது போடுவதற்குப் பெயர் ரிப்பேர் என்று எல்லோரும் நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, இங்க வச்சுப் பாத்தா இது தெரியாது. அது நிக்கிற எடத்துல, நிக்கிற நேரத்துல போய்ப் பாக்கணும்" என்று கருப்பையா அண்ணனிடம் சொன்னேன்.

"ஆமா டிப்ளமா. வண்டி தூங்கி எந்திரிக்கையில காபி கொண்டுபோய்க் குடுத்துப் பாப்போம்" என்றார்.

மேனேஜரிடம் சொன்னேன். "அப்புறம்?" என்றார்.

இதற்கிடையில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். சோலைமலை விடியக்காலையில் எழச் சோம்பல்பட்டு நாடகம் ஆடுகிறார் என்று சிலர். முதலாளி அம்மா வேறு மாதிரி நினைத்தார்கள். பழைய வீட்டில் ஓடிய வண்டி புது வீட்டில் நிற்கிறது என்றால் கோளாறு வீட்டில்தான், பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்றார்களாம். முதலாளி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து மேனேஜரிடம் குறைப்பட்டுக்கொண்டார். சோலைமலையோ, வண்டி ஒவ்வொரு முறை திரும்பிப் போகும்போதும் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர், பேட்டரி, டிஸ்ட்ரிப்யூட்டர் என்று உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் எடுப்பார். ஆயுத பூஜைக்கு எல்லோரும் வைப்பதுதான், அவரும் வருடா வருடம் வைத்ததுதான். இப்போது வண்டி நின்றுபோன ஒவ்வொரு நாளையும் அவர் ஆயுத பூஜையாக்கிவிட்டார்.

மார்கழியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சாயக்கடை வண்டிய அது நிக்கிற எடத்துல போய்ப் பாக்கணும்னு சொன்னேல்ல?"

"ஆமா சார்."

"போய்ப் பாரு. கண்டுபிடிச்சேன்னா தையில இருந்து தளத்துல நில்லு. கண்டுபிடிக்கலைன்னா மேல வந்து உக்காந்துரு. அப்புறம் பேச்சு கிடையாது."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை கேள்வியாக இல்லாமல் வந்தது அன்றுதான்.

மறுநாள் இருட்டோடு கிளம்பினேன். கருப்பையா அண்ணனும் வருவதாக இருந்தது, ஆனால் அவர் சைக்கிளில் ஏறிப் போக வீட்டில் விடமாட்டார்கள். அப்பாவே தன் சைக்கிளில் என்னை வைத்து மிதித்தார். மார்கழிக் குளிரில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார்.

"ஏத்தா, ஃபேன் காத்துல உக்கார வைக்கிறேங்குறாரு அந்த மனுசன். வேணாம்னு இந்தப் பனியில சாகுறியே. நானெல்லாம் வெயில்ல கெடந்தது போதாதா?"

"அப்பா, பில்லு எழுதுறதுக்கு எஸ்.எஸ்.எல்.சி. போதும்."

"அம்புட்டுப் படிச்சதுக்கு டயரு பக்கத்துலயா நிக்கணும்?"

"டயரு இல்லப்பா. என்ஜின்."

"ரெண்டும் கருப்பாத்தான் இருக்கு" என்று மிதித்தார்.

ஆனையூரில் அந்த வீட்டுக்குப் பின்னால் நான்கு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகையில் கார் நின்றது. ஐம்பதடி தள்ளிக் கண்மாய் நிறைந்து கிடந்தது. கார் மேலிருந்து பனித் தண்ணீர் வழிந்தது. கையை வைத்தால் தகரம் முழுக்க ஈரம். டவுன் சந்துக்குள் சுவருக்கு நடுவில் நின்ற வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று யாரும் வந்து பார்க்காததை நினைத்தபோது எனக்கு வந்த எரிச்சலில் குளிர் விட்டுப்போனது.

கருப்பையா அண்ணன் எனக்கு முன்பே வந்து பெட்டியோடு நின்றார். நான் கேட்டபடி மாற்றுச் சாமான்கள் எல்லாம் எடுத்து வந்திருந்தார். சோலைமலை குளித்து, நெற்றி நிறையப் பூசி, ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார்.

"இழுங்கண்ணே."

இழுத்தார். செல்ஃப் திடமாகச் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. கருப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார்.

பெட்ரோலை முதலில் பார்த்தேன். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பம்பின் நெம்புகோலை அமுக்கினால் பெட்ரோல் பீறிட்டது. அது சரி. அடுத்தது தீ. காயிலிலிருந்து தடித்த வயர் ஒன்று டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுக் குமிழில் போய்ச் சேரும். மூடி என்பது கறுப்பு பேக்கலைட் கிண்ணம். நடுக் குமிழ் வழியாக வரும் தீயைச் சுற்றியிருக்கும் நான்கு குமிழ்களுக்கும் முறையாகப் பிரித்துக் கொடுத்து, அங்கிருந்து நான்கு பிளக்குக்கு அனுப்புவது அதன் வேலை. நான் நடு வயரை உருவி, என்ஜின் இரும்புக்கு ஒரு நெல் அளவு தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுக்கச் சொன்னேன். நீலமாய், சொடக்குச் சத்தத்தோடு தீ பாய்ந்தது. ஆக, காயிலும் பாயிண்டும் கண்டென்சரும் ஒன்றும் கெடவில்லை. அவர்கள் மாற்றியவை எல்லாம் தேவையே இல்லாதவை. நடு வயரைத் திரும்பச் சொருகிவிட்டு ஒரு பிளக் வயரை உருவிப் பிடித்தேன். இழுத்தால் தீயே இல்லை.

உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. நடுவில் இருப்பது மூடி மட்டும்தான். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். சுத்தமாக இருந்தது. திரும்ப மூடினேன்.

"டார்ச்சை அணைங்கண்ணே" என்றேன்.

"இருட்டுல என்னத்தைப் பாக்கப் போறே?"

"இருட்டுலதான் பாக்கணும். சோலைமலை அண்ணே, இழுங்க."

செல்ஃப் சுற்றியது. மூடியின் மேல் நடுக் குமிழின் அடியிலிருந்து ஒரு சின்ன நீலப் பூச்சி கிளம்பியது. மூடியின் விளிம்பு வரை ஊர்ந்து, மூடியைப் பிடித்திருந்த இரும்புக் கொண்டியில் போய்ச் செத்தது. மறுபடி கிளம்பியது. மறுபடி செத்தது. பிளக்குக்குப் போக வேண்டிய தீ முழுவதும் அந்த வழியாக இரும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

டார்ச்சைப் போட்டோம். நீலப் பூச்சி ஓடிய பாதை முழுவதும் பொட்டு. சந்தனத்தின் மேல் குங்குமம், அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று அடை அடையாக, நடுக் குமிழிலிருந்து கொண்டி வரைக்கும் இழுத்து வைத்த பொட்டு. பனியைக் குடித்து ஊறிப்போயிருந்தது. வெயிலில் உலர்ந்தால் தீயைத் தன் வழியே போக விடாது. ஈரமானால் தீக்கு அதுவே ரோடு. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை முறை மண்ணெண்ணெய் போட்டு அந்த என்ஜினைக் கழுவியிருக்கிறார்கள். மூடியில் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருந்தது. பொட்டின் ஓரம் வரைக்கும் துடைத்து, கோலத்தைத் தாண்டிப் போகிறவர்கள் போல விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"பாத்தீங்களாண்ணே?" என்றேன்.

கருப்பையா அண்ணன் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. நான் துணியை எடுத்தேன். ஸ்டியரிங்கிலிருந்து சோலைமலை இறங்கி ஓடி வந்தார்.

"தாயி, அதைத் தொடாதீங்க."

"தொடைக்கணும்ணே. இதுலதான் தீ போகுது."

"பொட்டை அழிக்கவா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை தாயி."

அதற்குள் முதலாளி அம்மா கோலமாவுக் கையோடு வந்துவிட்டார்கள். பின்னால் முதலாளி. விஷயத்தைக் கேட்டதும் இரண்டு பேரும் எனக்குப் புரியாத அவர்கள் பாஷையில் கொஞ்ச நேரம் பேசினார்கள். அதில் எனக்குப் புரிந்தது 'வெள்ளி' என்பதும், முதலாளியின் முகம் சுருங்கியதும்தான். பிறகு அம்மா தமிழில், "ஏம்மா, கல்யாணம் ஆகாத பிள்ள நீ. உன் கையால பொட்டை அழிக்கலாமா? வீட்டுக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது" என்றார்கள்.

கருப்பையா அண்ணனிடம் துணியை நீட்டினேன். "எனக்கு வீட்டுல சம்சாரம் இருக்கு டிப்ளமா" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

கொட்டகைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்ற அப்பா, "ஏத்தா, வா போவோம்" என்றார்.

இவ்வளவு பேரும் அந்தப் பொட்டைத் தினமும் பார்த்தவர்கள். பார்த்துப் பார்த்து ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. இப்போது கண்ணில் பட்ட பிறகும் கையால் தொடமாட்டார்கள். துணியைத் தோளில் போட்டேன். கொண்டிகளை விடுவித்தேன். பொட்டு கலையாமல் மூடியை அப்படியே கழற்றி எடுத்து, அம்மாவின் கையில் கொடுத்தேன்.

"யாரும் அழிக்க வேணாம். உள்ள வச்சுக்கங்க."

அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். கருப்பையா அண்ணனின் பெட்டியிலிருந்து புது மூடியை எடுத்து, ஈரம் போகத் துடைத்து மாட்டி, வயர்களை வரிசைப்படி சொருகினேன். "இழுங்க" என்றேன். சோலைமலை இழுத்தார். என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. கண்மாய்ப் பக்கத்துக் கொக்கெல்லாம் கிளம்பிப் பறந்தது.

நான் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"பாத்தீங்களா, மூடி வீக்கு" என்றார் கருப்பையா அண்ணன் முதலாளியிடம். "மயிரிழையா கீறல் விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஐப்பசியிலிருந்து பொட்டைச் சுற்றித் துடைத்துத் துடைத்து அனுப்பியது எங்கள் ஒர்க்‌ஷாப் என்று முதலாளி முன்னால் சொல்ல அவரால் முடியாது. அது புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

அது போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் திரும்பிப் பார்த்தால் சோலைமலை சந்தனக் கிண்ணத்தோடு பானெட்டுக்குள் குனிந்துகொண்டிருந்தார். புது மூடிக்கு வைக்க வேண்டுமல்லவா. விரல் நுனியில் குழைத்த சந்தனம், நடுக் குமிழுக்கு ஒரு சாண் தூரத்தில். அது பட்டால் நாளைக்குக் காலையில் இதே கார் இதே இடத்தில் நிற்கும், நான் தை முதல் தேதி மாடியில் இருப்பேன். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அண்ணே, வேணாம்."

"புதுச் சாமான் தாயி. வைக்காம விடலாமா?"

ஈரத்தில் மின்சாரம் எப்படிக் கசியும் என்று சொன்னேன். எத்தனை ஆயிரம் வோல்ட் என்று சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். கையை மட்டும் எடுக்கவில்லை. நான் விட்டால் வைத்துவிடுவார். மூன்று வருடம் படித்ததில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டேன். அடுத்து என் வாயில் வந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

"அண்ணே, கோயிலுக்குப் போறீங்க. மூலஸ்தானத்துக்குள்ள போய் அம்மனைத் தொட்டு நீங்க பொட்டு வைப்பீங்களா?"

அவர் திடுக்கிட்டார். "அதெப்படித் தாயி. வாசப்படிக்கு வெளியதான நிக்கணும்."

"வண்டிக்கு இது மூலஸ்தானம். தீ பொறந்து போற எடம். பொட்டெல்லாம் வெளிய, ரேடியேட்டரோட நிறுத்திக்கணும். உள்ள நீங்க கை வைக்கக் கூடாது."

கை தானாகப் பின்னால் வந்தது. சந்தனத்தைத் தன் வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார். மூடியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மெதுவாக, "அப்ப யாருதான் தொடுறது?" என்று கேட்டார்.

"நான் தொடுவேன். அதுக்குன்னு படிச்சிருக்கேன்" என்றேன். கோபத்தில் சொன்னது.

அதற்குப் பிறகு அந்தக் கார் நிற்கவில்லை. மார்கழி முடிந்தது. பனியில் தினமும் ஒரே இழுப்பில் கிளம்பியதாம். புது வீட்டைக் குறை சொல்வதை அம்மாவும் நிறுத்தினார்கள். தை பிறந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"சாயக்கடை வண்டி சரியாயிருச்சு சார்" என்றேன்.

"அப்புறம்?"

"நீங்க தளத்துல நிக்கச் சொன்னீங்க."

"கண்டுபிடிச்சாத்தான்னு சொன்னேன். மூடி வீக்கு, மாத்திட்டோம்னு கருப்பையா சொல்றான். மூடி மாத்துறது கண்டுபிடிப்பா?" கைக்குட்டையால் மேஜையைத் தட்டிவிட்டார். "மேல புது நாற்காலி வந்திருக்கு, பாத்தியா?"

பார்த்தேன். சுற்றும் நாற்காலி. அதில் உட்கார்ந்து பில் எழுதினேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா ஒரு நாள் வந்து ஃபேனைப் பார்த்துவிட்டுப் போனார். கீழே செல்ஃப் இழுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எது பேட்டரி, எது பெட்ரோல் என்று மனது தானாகப் பிரிக்கும். பேனா நின்றுவிடும்.

மாசியில் ஒரு நாள் கீழே வழக்கத்துக்கு மாறான அமைதி. எட்டிப் பார்த்தேன். சாயக்கடைக் கார் ஆயில் மாற்ற வந்திருந்தது. பானெட் திறந்திருந்தது. கருப்பையா அண்ணன் கை நீட்டியபடி நின்றார். சோலைமலை குறுக்கே நின்றார்.

"அண்ணே, ஆயிலை மாத்துங்க. வேண்டாங்கல. அந்த மூடியத் தொடாதீங்க. அதுக்கு ஆளு இருக்கு."

"பாயிண்ட் பாக்கணும்டா மாப்ள. தொடாம எப்படிப் பாக்குறது?"

"அது மூலஸ்தானம். அந்தப் பிள்ள தொடட்டும்."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மற்ற டிரைவர்களில் இரண்டு பேர், "எங்க வண்டியையும் அந்தப் பிள்ளதான் தொடணும்" என்றார்கள். டவுனில் டிரைவர்கள் கூடி டீ குடிக்கும் இடத்திலெல்லாம் சோலைமலை இதைச் சொல்லியிருக்கிறார். எத்தனை பேரிடம் சொன்னாரோ. மேனேஜர் இறங்கி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டிருந்தால் அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போவோம் என்பதுதான் அது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கேட்கவில்லை. மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"எறங்கி வாம்மா."

"நான் கவுண்டர்ல இருக்கேன் சார்."

"வாம்மா."

"இன்னைக்கு மட்டுமா, என்னைக்குமா சார்?"

அவர் வரிசையாக நின்ற டிரைவர்களைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "என்னைக்கும்தான்."

நான் இறங்கினேன். காக்கிக் கோட்டை மாட்டினேன். மூன்று வருடம் படித்து, முதல் வகுப்பில் தேறி, நான் கேட்ட இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. கிடைத்த காரணத்தை நினைத்தால்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கருப்பையா அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.

மூடியின் கொண்டியில் கை வைக்கப் போனேன்.

"தாயி" என்றார் சோலைமலை, பணிவாக. "கையக் கழுவிட்டு வந்து தொடுங்க."

வேலை முடித்துக் கை கழுவுவதுதான் எங்கள் தொழில். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவிவிட்டு வந்து மூடியைத் திறந்தேன்.